ரத்தப் பையோடு கூடவே நடங்கள்: மருத்துவமனையில் ரத்தம் செலவாகும் விதத்தை ஆய்வு செய்வது எப்படி?

ரத்த வங்கியில் என் மேசை ஜன்னலை ஒட்டி இருக்கிறது. காற்று வருகிற ஜன்னல் இல்லை. வேண்டுகோள் படிவம் உள்ளே வந்து, பை வெளியே போகிற ஜன்னல். இருபது வருடமாக அந்தப் படிவங்களைப் படித்து வருகிறேன். 'ஏற்றுவதற்கான காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். பெரும்பாலும் 'அனீமியா' என்று எழுதியிருப்பார்கள். சிலர் 'அவசரம்' என்பார்கள். ஒருமுறை 'ஆம்' என்று எழுதி வந்தது.

வருடத்துக்கு இரண்டு மூன்று மேற்படிப்பு மாணவர்களாவது வந்து நிற்பார்கள். "மேடம், ரத்தப் பயன்பாடு பற்றி ஒரு ஆய்வு செய்யலாம்னு இருக்கேன். ரெஜிஸ்டர் தருவீங்களா?" தருவேன். அதற்கு முன்னால் ஒரு வேலை சொல்வேன். இன்று இந்த ஜன்னலிலிருந்து கிளம்பும் ஒரு பையோடு நீங்களும் கிளம்புங்கள். அது நோயாளியின் கையில் ஏறி முடியும் வரை கூடவே இருந்துவிட்டு வாருங்கள், அப்புறம் ரெஜிஸ்டரைப் பேசலாம். முகம் சுளிப்பார்கள். போய்விட்டுத் திரும்பும்போது கையில் கேள்வியோடு வருவார்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் முதல் ஆய்வில் நாற்பது கட்டங்கள் கொண்ட ஒரு படிவம் தயாரித்தேன். ரத்த வகை, வயது, வார்டு, பையின் எண், காலாவதித் தேதி என்று கண்ணில் பட்டதெல்லாம் அதில் இருந்தது. ஆறு மாதம் உட்கார்ந்து ரெஜிஸ்டரிலிருந்து எழுதினேன். கடைசியில் என்னால் சொல்ல முடிந்தது, எந்த வார்டு எத்தனை பை வாங்கியது என்பது மட்டும்தான். அது தேவையா, சரியான நேரத்தில் போனதா, ஏற்றியபின் யாராவது நோயாளியைத் திரும்பப் பார்த்தார்களா என்று துறைத் தலைவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. ரெஜிஸ்டர் பொய் சொல்லாது. ஆனால் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நடந்ததை மட்டும்தான் அது சொல்லும்.

முதல் நடை: ஐந்து கடிகாரங்கள்

பையோடு போகும்போது ஐந்து நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ரத்தம் வேண்டும் என்று மருத்துவர் முடிவு செய்த நேரம், மாதிரிக் குழாய் ரத்த வங்கிக்கு வந்த நேரம், பை குளிர்பெட்டியை விட்டு வெளியே வந்த நேரம், ஏற்றத் தொடங்கிய நேரம், முடிந்த நேரம். இந்த ஐந்தும் ஒரே தாளில் எழுதப்பட்டிருப்பதை நான் எங்கும் பார்த்ததில்லை. மூன்று ஆவணங்களில் சிதறிக் கிடக்கும். அவற்றை ஒன்று சேர்ப்பதே பாதி ஆய்வு.

சிவப்பணுப் பையை 2 முதல் 6 டிகிரி செல்சியஸில் வைக்கிறோம். குளிர்பெட்டியை விட்டு வெளியே வந்தபின் 30 நிமிடத்துக்குமேல் அறை வெப்பத்தில் இருந்த பையைத் திரும்ப இருப்பில் சேர்ப்பதில்லை என்பது பல இடங்களில் பழகிய விதி. வெளியே எடுத்ததிலிருந்து 4 மணி நேரத்துக்குள் ஏற்றி முடித்துவிட வேண்டும் என்பது இன்னொன்று. இவை பரீட்சையில் எல்லோருக்கும் தெரிந்த விடைகள். நடந்து பார்த்தால்தான் பை எங்கே நிற்கிறது என்பது தெரியும்.

நான் நடந்த அன்று, பையை வாங்க வந்த உதவியாளர் நேராக வார்டுக்குப் போகவில்லை. எக்ஸ்ரே அறையில் ஒரு படம் வாங்கினார், மருந்தகத்தில் ஒரு சீட்டு கொடுத்தார், அப்புறம்தான் மாடி ஏறினார். ஏன் என்று கேட்டேன். "மூணு வார்டுக்கும் நான் ஒருத்தன்தானே மேடம், ஒரே நடையில முடிச்சாத்தான் உண்டு" என்றார். அவர் சொன்னது நியாயம். வார்டுக்குப் போனால் நோயாளி ஸ்கேனுக்குப் போயிருந்தார். பை செவிலியர் மேசைமேல் உட்கார்ந்தது. 'பைகள் ஏன் திரும்பி வருகின்றன?' என்று மாதக்கணக்கில் ரெஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டிருந்த எனக்கு, அந்த ஒரு மணி நேரத்தில் விடை கிடைத்துவிட்டது. யாரும் அலட்சியமாக இல்லை. பை கிளம்புமுன் வார்டைக் கூப்பிட்டு 'நோயாளி படுக்கையில் இருக்கிறாரா, ஊசி போட்ட லைன் ஓடுகிறதா?' என்று கேட்கிற பழக்கம்தான் இல்லை.

ஏற்றும் இடத்திலும் கொஞ்சம் நில்லுங்கள். பெயரையும் எண்ணையும் நோயாளியின் கைப்பட்டையோடு ஒப்பிட்டார்களா, கேஸ் ஷீட்டோடு மட்டும் ஒப்பிட்டார்களா? "உங்க பேரு என்ன?" என்று கேட்டார்களா, "நீங்க இன்னார்தானே?" என்று கேட்டார்களா? இரண்டாவது கேள்விக்கு அரைத் தூக்கத்தில் இருப்பவர் எதற்கும் தலையாட்டுவார். ஏபிஓ வகை பொருந்தாத ரத்தம் ஏறிவிடுகிற விபத்துகளில் பெரும்பாலானவை சோதனைக்கூடப் பிழையால் வருவதில்லை. மாதிரி எடுக்கும்போதோ படுக்கையருகிலோ ஆள் மாறுவதால் வருகின்றன. ஏற்றுமுன் ஒருமுறையும், தொடங்கி 15 நிமிடத்தில் ஒருமுறையும், முடிந்தபின் ஒருமுறையும் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், வெப்பநிலை, மூச்சு ஆகியவற்றைப் பார்த்து எழுதினார்களா என்றும் பாருங்கள். அந்த 15 நிமிடக் கட்டம்தான் அதிகம் காலியாக இருக்கும். இன்னும் சந்தேகத்துக்குரியது, மூன்று கட்டத்திலும் ஒரே எண்கள் ஒரே மையில் இருப்பது.

கேள்வியை ஒன்றாகச் சுருக்குங்கள்

நடந்து வந்தபின் கேள்வி தானாக முளைக்கும். ஒன்றை மட்டும் பிடியுங்கள். 'ரத்தப் பயன்பாடு பற்றிய ஆய்வு' என்பது கேள்வியே அல்ல. 'ரத்தப்போக்கு இல்லாத, நிலையாக இருக்கும் உள்நோயாளிகளுக்குச் சிவப்பணு ஏற்றுமுன் கடைசி ஹீமோகுளோபின் என்ன?' என்பது கேள்வி. 'முதல் பைக்கும் இரண்டாம் பைக்கும் நடுவில் யாராவது நோயாளியைப் பார்த்தார்களா?' என்பதும் கேள்வி. எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான். ஒரு பை ஏறினால் பெரியவர் ஒருவருக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு சுமார் 1 கிராம் கூடும். அதைத் தெரிந்துகொண்டே இரண்டு பைகளை ஒரே சீட்டில் எழுதுகிறோம், பழக்கத்தால்.

எந்த அளவுகோலோடு ஒப்பிடப்போகிறீர்கள் என்பதைத் தரவு சேர்க்கும் முன்பே எழுதிவைத்துவிடுங்கள். பிறகு எழுதினால் கை தானாக வளைந்துகொடுக்கும்.

ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 10 கிராமுக்குக் கீழே போனால் ஏற்று என்ற பழைய வழக்கம் 1942இல் ஆடம்ஸ், லண்டி என்ற இரண்டு மயக்கவியல் மருத்துவர்களின் பரிந்துரையோடு சேர்த்துச் சொல்லப்படுவது. அரை நூற்றாண்டுக்குமேல் அதை யாரும் ஒழுங்காகச் சோதிக்கவில்லை. கனடாவில் நடந்து 1999இல் வெளிவந்த டிரிக் ஆய்வுதான் தீவிர சிகிச்சைப் பிரிவில் 838 பேரை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்கு 7க்குக் கீழே போனால் மட்டும், மறுபாதிக்கு 10க்குக் கீழே போனாலே. முப்பது நாளில் இறந்தவர்கள் முதல் குழுவில் 18.7 சதவீதம், இரண்டாவதில் 23.3 சதவீதம். புள்ளியியல்படி இந்த வேறுபாடு உறுதியானதல்ல. ஆனால் குறைவாக ஏற்றியதால் கெட்டுப்போகவில்லை என்பது தெரிந்தது. 2013இல் பார்சிலோனாவிலிருந்து வந்த ஆய்வில், உணவுப் பாதையின் மேற்பகுதியில் ரத்தப்போக்கு இருந்த 921 பேரில், 7 வரை பொறுத்தவர்களில் 95 சதவீதத்தினர் ஆறு வாரத்தில் உயிரோடு இருந்தார்கள். 9 வரை மட்டும் பொறுத்தவர்களில் 91 சதவீதம்.

இதைப் படித்துவிட்டு '7' என்ற எண்ணைக் கையில் எடுத்துக்கொண்டு எல்லாப் படிவங்களையும் அடிக்கக் கிளம்பாதீர்கள். அந்தப் பார்சிலோனா ஆய்வில் கட்டுக்கடங்காமல் கொட்டியவர்களைச் சேர்க்கவே இல்லை. மாரடைப்போடு ரத்தசோகையும் உள்ளவர்களைப் பற்றி 2023இல் வந்த மின்ட் ஆய்வில் 3,504 பேர் இருந்தார்கள். முப்பது நாளில் இறப்போ மறு மாரடைப்போ வந்தவர்கள், குறைவாக ஏற்றிய குழுவில் 16.9 சதவீதம், 10 வரை ஏற்றிய குழுவில் 14.5 சதவீதம். உறுதியான வேறுபாடு என்று சொல்ல முடியாவிட்டாலும், இதய நோயாளிக்கு 7 என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தயங்க வைக்கிற எண்கள். ஆகவே உங்கள் படிவத்தில் 'இதய நோய் உண்டா?' என்ற கட்டம் கட்டாயம் இருக்கட்டும். அது இல்லாமல் 'தேவையற்ற ரத்தம்' என்று முத்திரை குத்தினால், முதல் கூட்டத்திலேயே இதயநோய் மருத்துவர் உங்கள் ஆய்வைக் கிழித்துவிடுவார். அவர் செய்வதும் சரிதான்.

அறுவை சிகிச்சைக்கு எடுத்துவைக்கும் ரத்தம்

ரெஜிஸ்டரை வைத்தே செய்யக்கூடிய ஒரு நல்ல ஆய்வு உண்டு. நேரம் குறைவாக இருப்பவர்களுக்கு இதைத்தான் கொடுப்பேன். கிராஸ் மேட்ச் செய்து, அதாவது நோயாளியின் ரத்தத்தோடு பொருந்துகிறதா என்று சோதித்து, ஒதுக்கிய பைகளின் எண்ணிக்கையை, உண்மையில் ஏற்றிய பைகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 100 பை ஒதுக்கி 25 ஏற்றியிருந்தால் விகிதம் 4. அது 2ஐ ஒட்டி இருந்தால் நல்லது, 2.5ஐத் தாண்டினால் தேவைக்குமேல் கேட்கிறார்கள் என்று பொருள். மொத்த மருத்துவமனைக்கும் ஒரே எண்ணாகப் போடாதீர்கள். அறுவை சிகிச்சை வாரியாகப் பிரியுங்கள். எந்த அறுவைக்கு ரத்தம் அநேகமாகத் தேவையே படுவதில்லை என்பது அப்போதுதான் துலங்கும். அவற்றுக்கு வகையும் ஆன்டிபாடி சோதனையும் மட்டும் செய்துவைத்தால் போதும். ஒதுக்கிய பை, அலமாரியில் பூட்டிய குடை மாதிரி. வெளியே யாரோ நனைந்துகொண்டிருப்பார்.

ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவையும் விட்டுவிடாதீர்கள். 'எஃப்எஃப்பி இரண்டு', அதாவது உறைய வைத்த பிளாஸ்மா இரண்டு பை, என்று வரும் சீட்டுகளைத் தனியாக எடுத்துவையுங்கள். அளவு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிலிட்டர். 60 கிலோ ஆளுக்குக் குறைந்தது 600 மில்லிலிட்டர் வேண்டும். இரண்டு பையில் அது வராது. இதே மருத்துவமனையில், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் 1.5 என்று சற்றே கூடி வந்ததற்காக, ரத்தமே கசியாத ஒருவருக்கும் இரண்டு பை போகும். வேண்டியவருக்குப் போதாமலும் வேண்டாதவருக்குச் சும்மாவும் போகிறது என்று காட்டுவதற்கு இதைவிட எளிய தரவு கிடையாது.

ரத்தப்போக்கு: இங்கே கடிகாரம் வேறு

ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கும் நோயாளிகளைத் திட்டமிட்டு ஏற்றுபவர்களோடு ஒரே சல்லடையில் சலிக்காதீர்கள். முதல் காரணம், ஹீமோகுளோபின் இங்கே ஏமாற்றும். முழு ரத்தமாகத்தானே வெளியேறுகிறது. மிச்சமிருப்பதன் அடர்த்தி உடனே மாறாது. சலைன் உள்ளே போன பிறகோ, உடலின் நீர் ரத்தத்தில் வந்து சேர்ந்த பிறகோதான் எண் இறங்கும். லிட்டர் கணக்கில் இழந்தவருக்கு ஹீமோகுளோபின் 11 என்று இருந்ததை வைத்து 'தேவையற்ற ரத்தம்' என்று என் மாணவர் ஒருவர் வகைப்படுத்தியிருந்தார். நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அறுவை அரங்கின் மயக்க மருத்துவர் சிரித்துக்கொண்டே திருத்தினார். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

இங்கே அளக்க வேண்டியது நேரம். பூஜ்ய நேரத்தை முதலில் வரையறுங்கள்: காயம்பட்ட நேரமா, குழந்தை பிறந்த நேரமா, ரத்தப்போக்கு என்று யாரோ முதன்முதலில் எழுதிய நேரமா? அங்கிருந்து ரத்தப்போக்கைக் குறைக்கும் மருந்தான டிரானெக்ஸாமிக் அமிலம் போட்டது, முதல் பை ஏறியது, ரத்தம் உறைய உதவும் புரதமான ஃபைப்ரினோஜெனின் சோதனை முடிவு கைக்கு வந்தது என ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம்?

நிமிடத்தை ஏன் இவ்வளவு பிடித்துக்கொள்கிறேன் என்றால், 2010இல் வெளிவந்த கிராஷ்-2 ஆய்வு. காயமடைந்த 20,211 பேரில் டிரானெக்ஸாமிக் அமிலம் பெற்றவர்களில் 14.5 சதவீதம் இறந்தார்கள், பெறாதவர்களில் 16 சதவீதம். ஆனால் மூன்று மணி நேரம் கடந்தபின் போட்டவர்களில் ரத்தப்போக்கால் இறப்பது கூடியிருந்தது, 3.1க்குப் பதில் 4.4 சதவீதம். ஒரே மருந்துதான், கடிகாரம்தான் வேறு. 'மருந்து போட்டார்களா? ஆம்/இல்லை' என்று கட்டம் வைத்தால் இது உங்கள் தரவில் தெரியவே தெரியாது. எல்லா ரத்தப்போக்குக்கும் அது உதவும் என்றும் நினைக்க வேண்டாம். குடல், இரைப்பை ரத்தப்போக்கு உள்ள 12,009 பேரிடம் செய்து 2020இல் வந்த ஹால்ட்-இட் ஆய்வில் பலன் இல்லை, சிரைகளில் ரத்தம் உறைவதுதான் கூடியது.

எவ்வளவு ரத்தம் போனது என்பதற்குக் கண் மதிப்பீட்டை நம்பாதீர்கள். கண் பெரும்பாலும் குறைத்தே சொல்லும், அதிகமாகப் போகப்போக இன்னும் குறைத்துச் சொல்லும். நனைந்த பஞ்சுத் துணிகளை எடைபோட்டு உலர்ந்த எடையைக் கழியுங்கள்; ஒரு கிராமுக்கு ஒரு மில்லிலிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். பிரசவத்தில் அளவுக்கோடு போட்ட சேகரிப்பு விரிப்பு இன்னும் நல்லது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் 80 மருத்துவமனைகளில் நடந்து 2023இல் வெளியான இ-மோட்டிவ் ஆய்வு அந்த விரிப்பையும், கண்டுபிடித்தவுடன் சேர்த்துச் செய்யும் சிகிச்சைத் தொகுப்பையும்தான் சோதித்தது. வழக்கமான கவனிப்பில் ரத்தப்போக்கு பாதிப் பேரிடம்தான் கண்டுபிடிக்கப்பட்டது, 51.1 சதவீதம். விரிப்பு வந்தபின் 93.1 சதவீதம். கடும் ரத்தப்போக்கோ, அதற்காக வயிற்றைத் திறப்பதோ, இறப்போ நேர்ந்தவர்கள் 4.3 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதமானார்கள்.

வேறு இரண்டு கட்டங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: உடல் வெப்பநிலை, அயனிக் கால்சியம். பையில் ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட், உடலில் தனியாகத் திரியும் இந்தக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். பத்துப் பை ஏறியபின் ரத்தம் ஏன் உறையவில்லை என்று குழம்பும் இடத்தில், பல நேரம் குளிரும் கால்சியக் குறைவும்தான் மறைந்திருக்கும்.

விழக்கூடிய குழிகள்

ரத்தம் பெற்றவர்கள் அதிகம் இறந்திருக்கிறார்கள் என்று உங்கள் கணக்கு காட்டும். நிச்சயம் காட்டும். அதனால் ரத்தம் கொன்றது என்று எழுதிவிடாதீர்கள். மோசமாக இருந்தவர்களுக்குத்தான் ஏற்றினார்கள். இதைவிட வழுக்கலான குழி ஒன்று உண்டு. பிளாஸ்மா அதிகம் பெற்ற காயம்பட்டவர்கள் அதிகம் பிழைத்தார்கள் என்று பழைய பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்வுகள் சொல்லிவந்தன. உறைந்த பிளாஸ்மாவை உருக்க நேரம் பிடிக்கும். முதல் அரை மணியில் இறந்தவர் அதைப் பெறவே வாய்ப்பில்லை. பிழைத்ததால் பிளாஸ்மா கிடைத்ததா, பிளாஸ்மாவால் பிழைத்தாரா? 2015இல் 680 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட ப்ரோப்பர் ஆய்வில், பிளாஸ்மா, பிளேட்லெட், சிவப்பணு மூன்றையும் சமமாகக் கொடுத்த குழுவில் முதல் நாளில் ரத்தம் வடிந்து இறந்தவர்கள் குறைவு. ஆனால் முப்பது நாள் மொத்த இறப்பில் உறுதியான வேறுபாடு தெரியவில்லை.

நல்ல கையெழுத்துள்ள படிவங்களை மட்டும் பொறுக்காதீர்கள். வரிசையாக வருவதையெல்லாம் எடுங்கள், இரவையும் ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்து. கேஸ் ஷீட் கிடைக்காத நோயாளிகளின் எண்ணிக்கையையும் எழுதுங்கள். பெரும்பாலும் சிக்கலானவர்களுடையதுதான் காணாமல் போகும். பத்தில் ஒரு படிவத்தை உங்களைத் தவிர இன்னொருவர் தனியாக நிரப்பிப் பார்க்கட்டும். இருவருக்கும் ஒத்துவராத கட்டம் எதுவோ, அதன் வரையறைதான் மோசம்.

நீங்கள் நோட்டுப் புத்தகத்தோடு வார்டில் நிற்கும் முதல் வாரம் எல்லோரும் கைப்பட்டையைப் பார்ப்பார்கள். அந்த வாரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதியைத் தொடங்கும் முன்பே வாங்கிவிடுங்கள். பெயர்களை முதல் நாளிலிருந்தே எண்களாக மாற்றிவிடுங்கள். ஆனால் கண்முன்னே தவறான பை ஏறப்போகிறது என்றால் ஆய்வாவது ஒன்றாவது, நிறுத்துங்கள்.

முடிவை எடுத்துக்கொண்டு போவது

மருத்துவர் பெயர் போட்டுப் பட்டியல் ஒட்டினால் ஒரு மாதம் பயப்படுவார்கள், அடுத்த மாதம் காரணக் கட்டத்தை நன்றாக எழுதக் கற்றுக்கொள்வார்கள். ரத்தம் அதே அளவில் போகும். பிரிவு வாரியாக, அவர்களுடைய சொந்த எண்ணை மட்டும் அவர்களிடம் கொண்டுபோங்கள். கூடவே ஒரு நோயாளியின் ஐந்து கடிகாரத் தாளையும் வையுங்கள். எண்ணைப் பார்த்து வாதாடுபவர்கள் அந்தத் தாளைப் பார்த்துப் பேச்சை நிறுத்திவிட்டு யோசிப்பார்கள்.

மாற்றமும் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். நாங்கள் படிவத்தில் 'காரணம்' என்ற காலிக் கோட்டை எடுத்துவிட்டோம். 'கடைசி ஹீமோகுளோபின், எடுத்த நேரம்', 'ரத்தப்போக்கு நடக்கிறதா', 'ஒரு பைக்குப் பின் நோயாளியைப் பார்க்கப்போவது யார்' என்று மூன்று கட்டம் வைத்தோம். மூன்றாவதற்குத்தான் எதிர்ப்பு வந்தது. அதில் ஒரு பெயர் எழுத வேண்டியிருக்கிறதல்லவா?

மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு முறை மட்டும் அளந்து ஒப்பிடாதீர்கள். புதிய மாணவர் அணி வந்தாலே எண்கள் ஆடும். வாரத்துக்கு ஒரு புள்ளியாக, முன்னால் ஒரு சில மாதமும் பின்னால் ஒரு சில மாதமும் ஒரே கோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். கோடு உண்மையிலேயே இறங்கியதா, வெறுமனே ஆடியதா என்பது அதில் தெரியும். அப்புறம் இன்னொருமுறை ஒரு பையோடு நடந்து போங்கள். நான் இரண்டாம் முறை போனபோது அந்த உதவியாளர் என்னைப் பார்த்ததும் எக்ஸ்ரே அறையைத் தாண்டி நேராக மாடிப்படிக்குப் போனார். "இன்னிக்கு நீங்க வர்றீங்கன்னு தெரியும் மேடம்" என்றார். அந்த நடையையும் கணக்கில் சேர்க்கவில்லை.